பெரிய எச், சின்ன எச்

ஜெனியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், ஹபீபுல்லா அண்ணனின் இஹ்ராம் துணியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஜெனி குற்றாலத்துப் பிள்ளை. அவள் அப்பா ஜோயல் ஐந்தருவிப் பக்கம் ரம்புட்டான் பழம் விற்கிறார். அவள் கம்ப்யூட்டர் படித்து, சென்னையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, இப்போது தென்காசியில் சின்னக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறாள். சாரல் நேரத்தில் மழைக்கோட்டைக் கழற்றாமலே கடைக்குள் வந்துவிடுவாள்.

"ஏட்டி, நாங்க காயப் போட்டுட்டு இருக்கோம், நீ நனைக்க வாரியா?" என்பேன்.

"ஈரம் இல்லன்னா ஒங்களுக்கு யாபாரம் ஏதுக்கா?" என்பாள்.

நான் வேலை பார்ப்பது குற்றாலிங்கம் அண்ணாச்சியின் லாண்டரியில். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஏபிசிடியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் தெரியும். என் வேலைக்கு அது போதும். குற்றாலத்து லாட்ஜ்களில் இருந்து வரும் துணிக்குப் பெரிய எழுத்துச் சீட்டு, வீட்டுத் துணிக்குச் சின்ன எழுத்துச் சீட்டு. பழைய கம்ப்யூட்டரும் பெரிய எழுத்தையெல்லாம் முதலில் வரிசையாகக் காட்டிவிட்டு, சின்ன எழுத்தை அதற்குக் கீழே காட்டும். அலமாரியும் அதே வரிசைதான். மேல்தட்டு லாட்ஜுக்கு, கீழ்த்தட்டு வீடுகளுக்கு.

அந்தக் கம்ப்யூட்டர் பழுதாகி, ஜெனி புதியதை வைத்துக் கொடுத்தபோது நான் ஒரு கல்யாணத்துக்காக சுரண்டைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் திரையில் லாட்ஜும் வீடும் ஒன்றாகக் கலந்து நின்றன. புதுசு அப்படித்தான் இருக்கும் போல என்று நானும் பழகப் பார்த்தேன்.

அந்த வாரம்தான் ஹபீபுல்லா அண்ணன், மக்காவுக்கு உம்ரா போகும்போது கட்டும் இஹ்ராம் துணியை வெளுக்கக் கொடுத்தார். தைக்காத இரண்டு வெள்ளைத் துணி. அவருடைய கூடப்பிறந்த அண்ணன் ஹஜ்ஜில் கட்டியது. அந்த அண்ணன் மௌத்தாகிவிட்டார். தம்பி அதைக் கட்டிக்கொண்டுதான் கஅபாவைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கடைசியாகச் சொன்ன ஆசை. நான் பிஸ்மி சொல்லித்தான் அதைத் தொட்டேன். சின்ன எச், நான்கு என்று சீட்டுக் குத்தினேன்.

மறுநாள் விடியலில் திருவனந்தபுரத்துக்கு வண்டி என்றிருக்க, மத்தியானம் துணி வாங்க வந்தார். கீழ்த்தட்டில் துணி இல்லை. மேலேயும் இல்லை.

"கண்ணாடி மாத்து, கண்ணாடி மாத்துன்னு எத்தன வாட்டி சொல்லுதேன் ஜாஹிரா? எங்கன கொண்டு வச்சே?" என்று அண்ணாச்சி சத்தம் போட்டார். ஹபீபுல்லா அண்ணன் கோபப்படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, "வேற துணி வாங்கிரலாம்மா. ஆனா அது எங்கண்ணன் துணி" என்றார். என் நாக்கில் துஆவைத் தவிர வேறொன்றும் இல்லை.

அண்ணாச்சி போன் போட்டதும் ஜெனி வந்துவிட்டாள். கம்ப்யூட்டரைத் தொடவில்லை. நேராக என்னிடம் வந்து, "நீங்க என்ன எழுதுனிய? அத மட்டும் சொல்லுங்கக்கா" என்றாள். சொன்னேன். "சின்ன எச்சா? பெருசும் சிறுசும் வேற வேறயா ஒங்களுக்கு?"

"வேறதாம்மா. ஒண்ணு லாட்ஜு, ஒண்ணு வீடு."

அவள் முகம் மாறிவிட்டது. எல்லாரும் கேட்கச் சொன்னாள்: "அண்ணாச்சி, அக்காவ ஏசாதீங்க. தப்பு என்னோடது. ஆளு பேரை எந்த எழுத்துல அடிச்சாலும் வரணும்னு, பெருசு சிறுசு பாக்காதேன்னு இதுக்குச் சொல்லிக் குடுத்தேன். சீட்டுக்கும் அதையே பண்ணிட்டேன். இதுக்கு ரெண்டு எச்சும் ஒண்ணுதான்."

"நீ கேட்டப்ப நாந்தான ரெண்டும் ஒண்ணுதாம்னு சொன்னேன்" என்று அண்ணாச்சி முனகினார்.

"கடையில நின்னு வேல பாக்குற ஆளக் கேக்காம போனது நாந்தான."

பிறகுதான் திரையைப் பார்த்தாள். ஒரு லாட்ஜின் பெரிய எச் நான்கில், டவல்களோடு அந்த இரண்டு வெள்ளைத் துணியும் சேர்ந்து நின்றன. பில்லும் அப்படியே வந்திருக்கிறது. வண்டிக்காரர் மணிகண்டபிரபு அதைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார். டவல் என்று காலையிலேயே போய்விட்டது.

என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்தச் சாரலில் குற்றாலத்துக்கு வண்டியை விட்டாள். வழியெல்லாம் அருவிக்குப் போகும் கூட்டம். அவர்களில் யாராவது அதில் தலை துவட்டிவிட்டால் என்ன செய்வேன் என்று நான் அழ, "கர்த்தர் விடமாட்டாருக்கா" என்று அவள் முன்னாலிருந்து கத்தினாள்.

லாட்ஜில் முத்துராஜ் என்பவர் அலமாரியைத் திறந்தார். "இந்த டவலா? இதுல ஒரு குடும்பமே துவட்டலாமே! எந்தூரு டவலுடா இதுன்னு யாருக்கும் குடுக்கல."

மடிப்புக் கலையாமல் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ். நான் அந்த இடத்திலேயே முத்துராஜுக்கு ஒரு கும்பிடு போட்டேன். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் முன்பே துணி ஹபீபுல்லா அண்ணன் கையில் இருந்தது. அவர் அதை முகத்தில் ஒற்றிக்கொண்டார்.

ஜெனி அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. ஆள் பேருக்கு மட்டும் எழுத்துப் பார்க்க வேண்டாம், சீட்டுக்குப் பார்த்தே ஆக வேண்டும், வரிசையும் பழையபடி பெரியது மேலே, சின்னது கீழே என்று மாற்றி முடித்த பிறகுதான் டீ குடித்தாள். அதற்கப்புறம் எந்தக் கடைக்குப் போனாலும் முதலாளியிடம் பேசிவிட்டு, சாமான் எடுத்து வைப்பவர் யார் என்று கேட்டு அவரிடமும் போகிறாளாம்.

தொழுது முடித்துக் கையேந்தும்போது என் மக்கள் பேருக்குப் பிறகு அவள் பேரும் வருகிறது. போன வாரம் ஹபீபுல்லா அண்ணன் திரும்பி வந்து, பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் எங்கள் இருவருக்கும் தனித்தனியாகக் கொடுத்தார். கூடவே அந்தத் துணியையும் வெளுக்கக் கொடுத்தார்.

சின்ன எச் அடித்தேன். லாட்ஜுகள் எல்லாம் முடிந்து, அதற்குக் கீழே அது தனியாக வந்து நின்றது.