கையைக் கட்டி நிற்கும் இடம்

இந்த நாட்டில் ரப்பர் பொம்மைக்கு மூச்சு முட்டினால் ஆறு பேர் ஓடி வருகிறார்கள். எங்கள் குழந்தைகள் வார்டில் மாதம் ஒருமுறை நடக்கும் பயிற்சி, சிமுலேஷன் என்கிறார்கள். பொம்மையின் உதடு நீலமாகும். ஒருவர் மூச்சுக் கொடுப்பார், ஒருவர் நெஞ்சை அழுத்துவார், ஒருவர் மருந்து ஏற்றுவார். டீம் லீடர் மட்டும் கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டி நிற்பார். அவர் பிள்ளையைத் தொடக்கூடாது. முழுவதையும் பார்த்துச் சொல்லவேண்டும். அந்த இடம் எப்போதும் எம்மாவுக்குத்தான். என்னைவிட மிக இளையவள். எனக்குக் கிடைப்பது தாயின் வேடம். ஓரமாக நின்று அழவேண்டும். உங்களிடம் மறைப்பானேன், வயிறு எரிந்தது.

ஊரில், கல்முனையிலும் நான் தாதிதான்; அங்கே எங்களை ‘மிஸி’ என்பார்கள். கடல் ஊருக்குள் வந்த அன்று, ஆஸ்பத்திரியாகிப்போன பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் தாதிகள் என்று நானும் என் கூட்டாளி நிலுபாவும் மட்டுமே நின்றோம். மேசைகளெல்லாம் பிள்ளைகள். நான் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து மணலைத் தோண்டிக்கொண்டிருக்கையில், எனக்குப் பின்னால் இன்னொரு பிள்ளை சத்தமில்லாமல் அடங்கிப்போனது. அன்று வாசலில் கையைக் கட்டி நின்றவர்களை, “வேடிக்கை பார்க்காதீர்கள்” என்று ஏசினேன்.

ஊரில் போர் முடிந்த வருடம், லீடர் இடத்தை எனக்கும் தரும்படி பயிற்சியாளரிடம் கேட்டேன். “உனக்கு அழுவது அவ்வளவு நன்றாக வருகிறதே” என்றார், பாராட்டாக. பிறகு தந்தார். பொம்மை நீலமானதுதான் தாமதம், என் கை அதன் தாடையில் இருந்தது. எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். மருந்தை ஏற்றச் சொல்ல ஆளில்லை. பொம்மை செத்தது. “எனக்கும் முதல்முறை இப்படித்தான்” என்று எம்மா தோளைத் தட்டினாள். அவள் கெட்டவளாகவாவது இருந்திருக்கலாம்.

அடுத்த மாதம் கைகளை அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டு நின்றேன். பொம்மை பிழைத்தது. உடனே நிலுபாவுக்குப் போன் எடுத்தேன். அவள் இன்னமும் அதே ஊர் வார்டில்தான், டியூட்டியில் இருந்தாள். பொம்மையைத் தொடாமலே பிழைக்கவைத்த கதையைச் சொன்னேன்.

“தொடவே இல்லயா? அப்ப புள்ளயப் பார்த்த ஆரு கா?”

“அஞ்சு பேர் நிண்டாங்க. நான் பார்த்துச் சொன்ன மட்டும்தான்.”



“ஒரு புள்ளைக்கு அஞ்சு பேரா? உன்ன நினைக்கப் பொறாமையாக் கிடக்கு கா.”

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். அவளுக்குப் பின்னால் ஒரு தாயின் குரல் கேட்டது: “மிஸி, புள்ளயப் பாருங்க, ஓடி வாங்க.”

அழைத்தது நிலுபாவைத்தான். இங்கே நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன்.