நோகாத புண்

எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, உம்மாவின் தம்பியான என் மாமா சவூதியிலிருந்து வந்திறங்கினார். கல்முனையில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் அன்றைக்கு எங்கள் முற்றத்தில்தான் நின்றது. ரேடியோ கசட், புலிப்படம் போட்ட கம்பளி, அத்தர் குப்பிகள், எனக்கென்று பட்டுப்போல மினுங்கும் ஒரு சட்டை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்றவர்கள் எல்லாரும் பெட்டிக்குள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, நான்தான் மாமாவின் வலது மணிக்கட்டுக்கு மேலே இருந்த புண்ணைக் கண்டேன். ஒரு ரூபாய்க் குற்றியளவு வட்டம், ஓரம் தடித்து, நடுவே பக்குக் கட்டியிருந்தது. கண்டதும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியுமா?

"மாமா, இதென்ன கையில?" என்று ஊருக்கே கேட்கக் கேட்டேன்.

"அது ஒண்டுமில்ல புள்ள. ஆறு மாசமா இரிக்கி. நோவே இல்ல" என்றார் மாமா, எல்லாரையும் ஆறுதல்படுத்துகிற குரலில்.

அந்த "நோவே இல்ல" தான் வினையாகிப் போனது. நோகாத புண் என்றால் எங்கள் ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான், குட்டநோய். குட்டநோய் என்றால் மட்டக்களப்பு வாவிக்கு நடுவே இருக்கும் மாந்தீவு ஆசுபத்திரி. அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாக எங்கள் ஒழுங்கையில் எவரும் சொன்னதில்லை. மாமாவின் கல்யாணத்துக்கோ இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. உம்மா மறுநாளே மாமாவின் கோப்பையையும் பீங்கானையும் தனியாக எடுத்துவைத்துவிட்டு, அதைச் செய்ததற்காகக் குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதார். விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் மாமா நல்ல பிள்ளையாக "நோவே இல்ல" என்று சொல்லச் சொல்ல, அவர்கள் ஓரடி பின்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

கடைசியில் வாப்பா அவரை டொக்டரிடம் அழைத்துப் போனார். மாமாவை ஒரு நிமிடமும் பிரியமாட்டேன் என்று அடம்பிடித்து நானும் போனேன். டொக்டர் மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, புண்ணிலும் அதைச் சுற்றியும் பஞ்சாலும் ஊசி முனையாலும் மாறி மாறித் தொட்டார். ஒவ்வொரு முறையும் மாமா "ஓம், ஊசி" "ஓம், பஞ்சு" என்று பிசகாமல் சொன்னார். எனக்கு அது நல்ல விளையாட்டாகத் தெரிந்தது. அடுத்ததாக நானும் கண்ணை மூடலாமா என்று கேட்டதற்கு வாப்பா முறைத்தார்.

"இது குட்டமில்ல" என்றார் டொக்டர். "குட்டமெண்டா அந்த இடத்தில ஊசி குத்தினாலும் தெரியாது. நீங்க அங்க எங்க படுக்கிற?"

"ஈச்சந்தோட்டத்தில. வெக்கைக்கு வெளியிலதான் படுக்கிற."

"அதான். அங்க மணல் ஈ எண்டு ஒண்டு இரிக்கி. நுளம்பை விடச் சின்னன், சத்தம் போடாது. எலிப் பொந்துக்குள்ள, சுவர் வெடிப்புக்குள்ள பகல் முழுக்க ஒளிச்சிருந்து, பொழுதுபட்டா வரும். எலியின்ட ரத்தத்தில இருக்கிற கிருமியக் குடிச்சிட்டு வந்து மனிசரக் கடிக்கும். கடிச்சிப் பல கிழமைக்குப் பிறகுதான் புண் வரும். தொட்டா மற்றவனுக்கு ஒட்டாது. மருந்துக்கு நான் கொழும்புக்கு எழுதுறன். ஒரு வருசத்துக்குள்ள ஆறிரும், வடு மட்டும் நிக்கும்."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சத்தம் போடாத ஈ! மறுநாள் பள்ளிக்கூடத்தில் முதல் மணிக்கு அது நுளம்பை விடச் சின்னதாகத்தான் இருந்தது. இடைவேளைக்குள் வண்டாகி, பள்ளி விடும்போது ஒட்டகத்தையே கடித்துச் சாய்க்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

ஆனால் பெண் வீட்டில் ஈயின் கதை எடுபடவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முதல் பெண்ணின் வாப்பா மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் குடிபோவார். "வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சு, மாப்பிள்ளை வந்து பாக்கட்டாம்" என்று ஆள் வந்தது. பார்க்கப்போவது வீட்டை அல்ல, கையைத்தான் என்று உம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தானோ என்னவோ, என்னையும் மினுங்குகிற சட்டையில் துணைக்கு அனுப்பினார். அதில் அதற்குள் ஒரு பொத்தானை நான் அறுத்துவிட்டிருந்தேன். அந்த இடத்தில் உம்மா ஒரு ஊசியைக் குத்திவிட்டார்.

சுண்ணாம்பு மணக்கும் முன்னறையில் பெண்ணின் வாப்பா எதிரே இருந்தார். ஐம்பது ஏக்கர் வயலைக் கட்டி ஆள்கிற மனிதர். நான் மாமாவின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு இருந்தேன். சுடச்சுடத் தேத்தண்ணி வந்தது. மாமா கோப்பையை வலது கையில் எடுத்தார். புண் நன்றாகத் தெரிந்தது.

"எங்கட வயல்ல நுளம்பு, உண்ணி, அட்டை எல்லாம் கடிச்சிரிக்கி மருமகன்" என்றார் பெண்ணின் வாப்பா. "ஒரு கடி ஆறு மாசம் நிண்டத நான் காணல்ல. நோவு எப்பிடி?"

"நோவே இல்ல மாமா" என்றார் என் மாமா.

இந்த மனுசனுக்கு வேறு கதையே தெரியாதா? கல்யாணம் கைவிட்டுப் போகப்போகிறது, எனக்குப் புதுச் சட்டை போட்டுப் போக ஒரு கல்யாண வீடு இல்லாமல் போகப்போகிறது. டொக்டரின் ஊசி ஞாபகம் வந்தது. சட்டையிலிருந்த ஊசியை உருவி, மாமாவின் கையில் என் பலம் எல்லாம் கூட்டி ஒரு குத்துக் குத்தினேன்.

"உம்மோவ்!" என்று மாமா போட்ட சத்தத்தில் கூரை ஓட்டிலிருந்த காகமெல்லாம் பறந்தது. கோப்பை நிலத்தில் விழுந்து உடைந்தது.

"நோகுதாம்! மாமாவுக்கு நோகுதாம்!" என்று நான் துள்ளிக் குதித்தேன்.

பெண்ணின் வாப்பா என்னை ஒருமுறை, மாமாவை ஒருமுறை பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. வருடம் முடியுமுன் புண்ணும் ஆறியது.

அந்தக் கல்யாணத்தை ஊசியால் காப்பாற்றியவள் நான்தான் என்று அன்றிலிருந்து யாரிடம் சொல்லவில்லை? போன நோன்புப் பெருநாளைக்கும் பிள்ளைகளைக் கூட்டிவைத்து அளந்துகொண்டிருந்தேன். அந்தக் கல்யாணத்தின் பெண்ணான மாமி, வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தினார்.

"நீ குத்தினது மற்றக் கையிலகா."

பிள்ளைகள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ட வாப்பாவும் கண்டவர். நீங்க போன பிறகு என்னைக் கேட்டார். ஊசி நல்ல கையிலதான் ஏறின, புண்ணப் பத்தி இன்னும் ஒண்டும் தெரியா, நீ என்ன சொல்றாய் புள்ள எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க மாமி?"

"நான் திரைக்குப் பின்னால நிண்டு எல்லாம் பாத்த. கொதிக்கிற தேத்தண்ணி. நீ குத்தின குத்துக்கு அது உன்ட தலையிலதான் கொட்டியிருக்கும். கத்தின கத்தோட அவர் கோப்பையத் தன்ட மடியிலயே கவிட்டுக்கிட்டார். தொடை வெந்து போயிருந்தத கல்யாணத்துக்குப் பிறகுதான் கண்ட. இந்த மனிசனே எனக்குக் காணும், வேற ஆள் வேணாம் எண்டு அண்டைக்கே வாப்பாட்ட சொன்ன."

"அப்ப குட்டமில்ல எண்டு நம்பித்தானே சொன்னீங்க?"

மாமி அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தார்.

"இல்லகா," என்றார். "அந்த நேரம் நான் நம்பல்ல."