கிடைக்காமல் இருக்க ஒரு பூசை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் வழக்கமாகப் போகும் தமிழ்ப் பூசை. தொடங்குமுன் கருத்துகளை வாசித்தார்கள் - யாருக்காக, எதற்காக இந்தப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்ற பட்டியல். இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக... இன்னாரின் மகள் சோதனையில் சித்தியடைய... நான் அரைக் காதோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஜூட் அவர்களுக்குப் புதிய ஒப்பந்தம் கிடைக்காமல் இருக்க."

வாசித்தவர் நிறுத்தினார். கண்ணாடியை இறக்கித் தாளைப் பார்த்தார். பிறகு இன்னும் உரத்து அதையே வாசித்தார்!

ஜூட் எனக்கு முன் வாங்கில்தான் இருந்தான். அசையவில்லை. பக்கத்தில் அவனுடைய அம்மா மெற்றில்டா அக்கா, செபமாலையை இறுகப் பிடித்தபடி பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூட் இங்கே பிறந்தவன். முப்பத்து மூன்று வயது. வட இங்கிலாந்தில் றக்பி லீக் விளையாடுவதுதான் தொழில் - முன்வரிசை ஆட்டக்காரன். நம் சனத்துக்கு இது விளங்குவதேயில்லை. "எத்தினை கோல் அடிச்சனீர் தம்பி?" என்பார்கள். முன்வரிசைக்காரன் எங்கே அடிப்பது? பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எதிரே நிற்கும் மூன்று தடியர்களுக்குள் நேராக ஓட வேண்டும். விழ வேண்டும். எழும்பி, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு, திரும்பவும் அதையே செய்ய வேண்டும். இப்படி ஒன்பது வருடம். புள்ளி எடுப்பதும் பேப்பரில் படம் வருவதும் பின்னால் ஓடிவரும் மெல்லிய பேர்வழிகளுக்கு. எந்த அலுவலகத்தில்தான் இந்த இரண்டு சாதியும் இல்லை?

கடைசி சீசனில் கழுத்தில் பலத்த அடி. ஓய்வெடுக்க இங்கே அம்மா வீட்டுக்கு வந்திருந்தான். இன்னும் ஒரு வருடம் ஒப்பந்தம் தரலாம், பார்ப்போம் என்று கழகம் சொல்லியிருந்தது. அந்தப் பதிலுக்காக வீடே காத்திருந்தது.

பூசை முடிந்ததும் ஜூட் அம்மாவைக் கார் நிறுத்துமிடத்தில் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, சீரியஸா? முழுச் சேர்ச்சுக்கும் கேட்டுது!"

"நான் என்ன செய்ய? எப்பவும் 'விசேட கருத்து' எண்டுதான் குடுக்கிறனான். சேர்ச் ஒஃபீசில இப்ப புது மனிசி. என்ன கருத்தெண்டு கேட்டா, சொன்னன். அப்பிடியே எழுதிப்போட்டா."

"எப்பவும் எண்டா? ஒன்பது வருசமா உதுக்கோ குடுத்தனீங்கள்?"

"சீ! முந்தி நீ கை கால் முறியாம வரவேணும் எண்டு குடுத்தனான். உன்ர கழுத்து எக்ஸ்ரேயைப் பாத்தாப் பிறகுதான் மாத்தினனான்."

அவன் சிரிக்கவில்லை. "உது என்ர வேலை அம்மா. எனக்கு வேற ஒண்டும் தெரியாது."

நான் கையில் ஒரு றோல்ஸோடு, கடிக்கவும் முடியாமல் வைக்கவும் இடமில்லாமல் நின்றேன்.

இரண்டு வாரம் கழித்து அக்காவின் போன். குரலில் அப்படி ஒரு சந்தோசம். "அந்தோனியார் கைவிடேல்லை! பிள்ளை தானாவே வேண்டாம் எண்டு எழுதிப்போட்டான். நன்றிப் பூசை குடுத்திருக்கிறன்."

அடுத்த நாளே ஜூட்டை மார்க்கம் நகரில் ஒரு கோப்பிக் கடையில் கண்டேன். "அம்மாவுக்காகவா விட்டாய்?" என்று கேட்டேன். கழுத்து திரும்பாததால் முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தான்.

"இல்லை அங்கிள். என்ர பேர் வாசிச்ச அந்தப் பூசைக்கு ரெண்டு நாள் முதலே ஈமெயில் வந்திட்டுது. மெடிக்கல் ஃபெயில், ஒப்பந்தம் இல்லை எண்டு. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"அம்மாவுக்குச் சொல்லலாமே?"

"என்னெண்டு சொல்லுறது? தான் மன்றாடித்தான் என்ர வேலை போச்சுது எண்டு காலம் முழுக்க அழுவா. இப்ப, நானா விட்டிட்டன் எண்டு ஹாப்பியா இருக்கிறா. இருக்கட்டும்."

தன் தொழில் போனதற்கு ஒரு நன்றிப் பூசை - அதில் முழங்காலில் இருப்பது லேசான காரியமா? இருந்தான். போன ஞாயிறு, அம்மாவுக்குப் பக்கத்தில்.

பிள்ளைகளின் தோல்விகளில் பாதி பெற்றோருக்குத் தெரியவே வராது. மீதியைப் பிள்ளைகள் தங்கள் முடிவு என்று சொல்லிவிடுகிறார்கள்.

இதை எழுதலாமா என்று ஜூட்டிடம் கேட்டேன்.

"பேரை மாத்திப்போட்டு எழுதுங்கோ அங்கிள். அம்மா எப்பிடியும் பேப்பர்ல வாற உங்கட பத்தியை வாசிக்கிறேல்லை."