குதிரைக்குக்கூடப் பெயர் இருந்தது

இரண்டு வருடங்களுக்கு முன், கோடை விடுமுறையில், காரைக்காலை அடுத்த வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டில் தொடங்கியது இது. நான் பள்ளி ஆசிரியை. நாற்பது வயதுக்கு மேல் ஆசை வந்து, பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருந்தேன். தமிழில் டப் செய்து வரும் ஒரு வெளிநாட்டு மாயாஜாலத் தொடரில் பெண்களையும் கருப்பு நிறத்தவர்களையும் எப்படிக் காட்டுகிறார்கள் என்று கருத்தரங்கில் கட்டுரை படிக்க வேண்டும். "டிவி பாக்குறதுக்கு டாக்டர் பட்டமா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். நானோ நோட்டும் பேனாவுமாக டிவி முன்னால் தவம் கிடந்தேன்.

தினமும் பத்து மணிவாக்கில் கருக்களாச்சேரியிலிருந்து ஓர் அக்கா மீன் கொண்டுவருவார். அக்கா என்பது மரியாதைக்குத்தான். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மீனை ஆய்ந்து கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார். வாசற்படியில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தால் எங்கள் டிவி நேராகத் தெரியும். எத்தனை பெண்கள் பேசுகிறார்கள், எத்தனை பேர் அழுவதற்கு மட்டும் வருகிறார்கள் என்று நான் கோடு போட்டுக்கொண்டிருக்க, அவர் செதிலை உரசிக்கொண்டே கதை பார்ப்பார்.

அந்தத் தொடரில் ராணிக்கு ஒரு கருப்புத் தோழி. எட்டுப் பாகம் ராணிக்குத் தலை வாரிவிட்டு, விஷம் இருக்கிறதா என்று சாப்பாட்டை முதலில் ருசி பார்த்து, கடைசியில் ராணிக்கு வந்த அம்பைத் தன் நெஞ்சில் வாங்கிச் செத்துப்போவாள். அதே சண்டையில் ராணியின் வெள்ளைக் குதிரையும் செத்துப்போகும். அடுத்த பாகம் முழுக்கக் குதிரைக்குத்தான் அழுகை.

அக்கா சங்கரா மீனை அப்படியே கையில் பிடித்தபடி நிமிர்ந்தார். "என்னா டீச்சர் இது? குதிரைக்குக்கூட வெண்புயல்னு பேரு வச்சிருக்கான். நம்ம நெறத்துல ஒருத்தி இவ்ளோ நாளு கூடவே இருந்து செத்தா. அவ பேரு என்னான்னு ஒருத்தரும் சொல்லலியே!"

பழைய பாகங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். எல்லோரும் அவளை 'ஏய்' என்றும் 'பெண்ணே' என்றும்தான் கூப்பிட்டார்கள். ஒரு மாதமாக உட்கார்ந்து பார்த்த எனக்கு அது தோன்றவே இல்லை. கட்டுரையைக் கிழித்துப்போட்டு, அந்த ஒரு கேள்வியை வைத்தே புதிதாக எழுதினேன். "நீங்க சொன்னதத்தான்க்கா காலேஜ்ல படிக்கப் போறேன். வாங்களேன்" என்று ஒரு பேச்சுக்கு அழைத்தும் வைத்தேன்.

வந்துவிட்டார். காரைக்காலில் ஒரு கல்லூரி அரங்கில், கடைசிக்கு முந்தின வரிசையில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நாத்தனாரோடு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு வியாபாரத்துக்குப் போகவில்லையாம். "அண்ணி பேசுனதக் காலேஜ்ல படிக்கிறாங்கன்னு மீன் ஏலம் போடுற எடம் பூரா சொல்லிட்டாங்க" என்றார் நாத்தனார்.

நான் படித்தேன். 'மீன் விற்கும் பெண்மணி ஒருவர் எழுப்பிய கேள்வி' என்று சொல்லி, அக்காவின் வார்த்தைகளை அப்படியே ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். கைதட்டல் பலமாக வந்தது. நாத்தனார் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா புடவைக் கரையைத் தடவிக்கொண்டிருந்தார். கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

டீ கொடுக்கும் இடத்தில் என்னிடம் வந்தார். "நல்லாப் படிச்சீங்க டீச்சர். அந்தக் குதிரை பேரக் கணீர்னு சொன்னீங்க." அவ்வளவுதான். குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நாத்தனாரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் பொறி தட்டியது. அவர் பெயர் என்ன? யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஏழு வருடமாக வருகிறார். என் பிள்ளைகளின் பெயர், மாமியாருக்கு எந்த மீன் ஒத்துக்கொள்ளாது என்பது வரை அவருக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு அவர் 'மீன்காரம்மா'. என் போனில் வெறும் 'மீன்'. அதே கட்டுரையின் கடைசியில் பதினான்கு வெளிநாட்டு ஆய்வாளர்களின் பெயரை இனிஷியல் தவறாமல் அடுக்கியிருந்தேன்.

மறுநாள் வர மாட்டார் என்று பயந்தேன். வழக்கம்போல வந்தார். அன்னக்கூடையை இறக்குவதற்குள் கேட்டுவிட்டேன். "நான் பண்ணது தப்புக்கா. உங்க பேரச் சொல்லுங்க, கட்டுரை புத்தகமா வரும்போது அதுல வரணும்."

"ஏழு வருஷம் கழிச்சுப் பேரு கேக்குறீங்க. பொண்ணு பாக்க வந்தவங்ககூட மொத நாளே கேட்டாங்க" என்று சிரித்தார். பிறகு தன் பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொன்னார். இரண்டு தடவை வாசித்தேன். "ம்... சரி, பாறை மீனு இருக்கு, போடவா?" என்று கூடையைத் திறந்தார்.

கருத்தரங்கக் கட்டுரைகள் புத்தகமாக வந்தபோது, அந்தப் பதினான்கு பேருக்கும் முன்னால் அவர் பெயர் இருந்தது. ஈரம் படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப்போனார்.

இதை எழுதும் முன்பும் அவரிடம் கேட்டேன். "பத்திரிகையில வேணாம் டீச்சர். ஏலத்துல என்னைய ஓட்டித் தள்ளிருவாளுவ" என்றார். அதனால் இங்கே அவர் பெயர் இல்லாதது அவர் விருப்பம். அன்று மேடையில் இல்லாமல் போனதோ மறதியால்கூட இல்லை, எனக்குத் தெரியவே தெரியாது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.