அத்திப்பட்டு தூரம், துபாய் பக்கம்

அம்புரோஸ் மாமா, என் அக்கா ஹில்டாவின் கணவர், கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். எண்ணூருக்கும் சென்னைத் துறைமுக கேட்டுக்கும் இடையில்தான் அவர் ஆயுசில் பாதி போனது. எண்ணூரை ஒட்டிய அத்திப்பட்டு எவ்வளவு தூரம் என்று கேட்டால்கூட அவர் கிலோமீட்டரில் சொல்லமாட்டார். "அத்திப்பட்டா? ரெண்டு சோறு, ஒரு தூக்கம்" என்பார். லாரி வரிசையில் நின்றுகொண்டு எத்தனை தடவை சாப்பிட்டார், தூங்கினார் என்பதுதான் அவர் கணக்கு.

மகள் ரூத்துக்கு துபாயில் ஆண் குழந்தை பிறந்தது. வெள்ளிக்கிழமை ஞானஸ்நானம். அப்பாதான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். வியாழன் காலை விமானத்தில் எங்கள் மூவருக்கும் டிக்கெட் எடுத்தேன்.

"மூவாயிரம் கிலோமீட்டர் மாமா. நாலு மணி நேரத்துல போயிடலாம்."

"இன்னா மச்சான், படிச்சவன் மாதிரி பேசு. திருவொத்தியூர்லேர்ந்து ஹார்பர் போவவே ஒரு ராத்திரி ஆவுது. கடல தாண்டி நாலு மணி நேரமா?"

"மேல ஏதுய்யா டிராபிக்கு?" என்றாள் அக்கா.

"நீ போய் பாத்தியா?"

பையில் பாய், போர்வை, லுங்கி, இரண்டு நாளைக்குப் புளிசோறு எல்லாம் ஏறின. பேரனுக்கு அக்கா தைத்த வெள்ளை அங்கியைப் பாய்ச் சுருளுக்கு நடுவில் மாமா செருகினார்.

விமானத்தில் ஏறும் வாசலில் நீண்ட வரிசை. மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "இது நவுராது" என்று தீர்ப்புச் சொன்னார். எங்களுக்குப் பின்னால்தான் நின்றார். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். பை மட்டும் நின்றது.

லாரிக்காரர்களின் வழக்கப்படி, பின்னால் நின்றவரிடம், "தலைவா, வண்டிய பாத்துக்க, நவுந்தா கொரலு குடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். அந்த மனிதர் அரண்டுபோய்க் காவலரைக் கூப்பிட்டுவிட்டார்.

மாமா கையில் டீயோடு வந்தபோது வரிசை காலி. பையைச் சுற்றித் துப்பாக்கியோடு நான்கு பேர். ஒரு நாய் புளிசோற்றை மோந்துகொண்டிருந்தது.

"யாரோட பை இது?"

"நம்முதுதான் சார். லைன்ல போட்டுட்டு டீ குட்சிகினு வந்தேன்."

"பையை விட்டுட்டா?"

"பின்ன, டீக்கடைக்கு வண்டியயுமா சார் இட்டுனு போவாங்க?"

கதவை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அக்கா அழவே ஆரம்பித்துவிட்டாள். "சார், இவரு இல்லாம புள்ளைக்கு யாரு சார் ஞானத்தகப்பன்?" பாயைப் பிரித்த காவலர் உள்ளேயிருந்த சின்ன அங்கியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். "ஓடுங்க" என்றார். ஓடினோம்.

துபாயில் இறங்கும்போது மாமா ஏமாந்துபோன முகத்தோடு இருந்தார். "வந்துட்ச்சா? இன்னும் சோத்தையே பிரிக்கல."

மறுநாள் பேரனை ஏந்தி நின்றார். ஊர் திரும்பியதும் எல்லோரிடமும் சொன்னார்: "துபாய் பக்கத்துலதாம்பா கீது. அத்திப்பட்டுதான் தூரம்."

போன மாதம் மாமா இறந்தார். மகனோடு ரூத் கிளம்பினாள். நான்கு மணி நேரத்தில் சென்னையில் இறங்கியவள், திருவொற்றியூருக்குள் நுழைகிற இடத்தில் கன்டெய்னர் வரிசையில் மாட்டிக்கொண்டாள். கல்லறைக்கு நேரமாகிறது என்று சாமியார் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொண்ணு வர்றவரைக்கும் இருங்க ஃபாதர். லைன்ல நிக்கிறது அவருக்கு இன்னா புச்சா?"

இருந்தோம். ரூத் வந்து முகம் பார்த்த பிறகுதான் எடுத்தோம்.