இடது பாதி

பத்தொன்பது வருடமாக அந்த மருத்துவமனையின் மூன்றாவது மாடிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர் என்பதால் அவரை எல்லோரும் ‘தட்டு அக்கா’ என்றே கூப்பிடுவார்கள். எந்தக் கட்டிலில் எது மிச்சம் என்பது அக்காவுக்கு அத்துப்படி. ஆனால் அதை யாரும் கேட்டதில்லை.

பக்கவாதத்தில் படுத்திருந்த தையல்காரர் தினமும் பாதிச் சாப்பாட்டோடு நிறுத்திவிடுவார். பத்து நாளில் நான்கு கிலோ இறங்கிவிட்டது. மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடலாம் என்று டாக்டர் சொன்ன அன்று மதியம், தட்டை எடுக்கப் போன அக்காவுக்குப் பொறிதட்டியது. வலது பக்கம் துடைத்துவிட்டாற்போல் காலி. மிச்சமெல்லாம் இடது பாதியில்!

தட்டை அப்படியே சுற்றி, இடதை வலதாக்கி வைத்தார்.

“அட, இன்னும் இருக்கா? சொல்லவே இல்லையே!” என்று தையல்காரர் மளமளவென்று சாப்பிட ஆரம்பித்தார்.

அக்கா ஓட்டமும் நடையுமாக நர்ஸ் மேசைக்குப் போனார். டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் மூவரும் அங்கேதான் இருந்தார்கள்.

“டாக்டர், குழாய் வேண்டாம்! அவருக்கு நல்லாப் பசிக்குது. இடது பக்கம் இருக்கிறதுதான் தெரியல!”

நர்ஸ் துள்ளி எழுந்தாள். “அதான் இடது பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்பறதே இல்லையா? நான் காது மந்தம்னு எழுதி வச்சிருக்கேனே!”

“நடக்கப் பழக்கும்போது தினமும் இடது தோளைக் கதவுல இடிச்சுக்கிறார்,” என்றார் பிசியோதெரபிஸ்ட். “கால்ல பலம் போதலைன்னு நினைச்சேன்.”

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளைதான் இடது பக்கத்தை விட்டுடுது. நான் கவனிச்சிருக்கணும். ஆளுக்கொரு நோட்டுல எழுதி ஆளுக்கொரு பக்கம் வச்சிருந்திருக்கோமே! வாங்க, நாலு பேரும் போவோம்.”

நாலு பேரும்! அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்றே தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டினார்கள். “சிவப்பு கண்ணுல படற வரைக்கும் தலையைத் திருப்புங்க” என்று சாப்பாட்டிலும் நடையிலும் எல்லோரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள்.

“அப்போ இத்தனை நாளா இவருக்கு இடது பக்கம் உக்காந்து நான் பேசினதெல்லாம்?” என்று கேட்டாள் தையல்காரரின் மனைவி.

“அதான் இத்தனை நாளா நிம்மதியா இருந்திருக்கேன்” என்றார் அவர். அறையே சிரித்தது.

மூன்று வாரத்தில் இழந்த எடையில் முக்கால்வாசி திரும்பியது. கதவில் இடிக்காமல் நடந்தே வீட்டுக்குப் போனார்.

அதன்பின் தினமும் காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் எல்லோரும் கூடிப் பேசுவது என்று ஆயிற்று. முதல் நாள் அக்கா கதவோரமாகத்தான் நின்றார். ஆனாலும் வாயைத் திறந்தார்.

“ஏழாம் கட்டில் அம்மா ரெண்டு நாளா சூடா எதைக் குடிச்சாலும் கன்னத்தைப் பிடிச்சுக்கிறாங்க...”

டாக்டர் அதற்குள் டார்ச்சை எடுத்துவிட்டார்.