கூறைப்புடவையில் விழுந்த ஓட்டை

நாலு வருஷம் இருக்கும். அவிநாசி பக்கம் ஒரு மண்டபத்துல என் தம்பிக்குக் கல்யாணம். தாலி கட்டுறப்ப பொண்ணு உடுத்துற கூறைப்புடவையை, எங்க வழக்கப்படி மாப்பிள்ளையோட அக்காதான் தட்டத்துல வெச்சு எடுத்துட்டுப் போய்க் குடுக்கணும். அதனால புடவை என் பொறுப்புல இருந்துச்சு.

முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்தான் பாக்கி. புடவையை எடுத்தா, கடைச் சீட்டு அப்படியே தொங்குது. கத்திரி தேடச் சோம்பல்பட்டு வெடுக்குன்னு இழுத்தேன். சீட்டோட பட்டு நூலும் சேர்ந்து வந்துடுச்சு. முந்திக்குப் பக்கத்துல பாசிப்பயறு அளவு ஓட்டை!

வேர்த்துக் கொட்டிடுச்சு எனக்கு. தைக்கலாம்னா, கூறைப்புடவையில ஊசி படவே கூடாதுன்னு எங்கம்மாவுக்கு ஒரே பிடிவாதம். பார்த்தாங்கன்னா அபசகுனம்னு மண்டபத்தையே ரெண்டாக்கிடுவாங்க. அப்ப என் புத்தி போன போக்கைச் சொல்ல வெக்கமா இருக்கு. ஓட்டையை உள்பக்கமா மடிச்சு வெச்சுட்டேன். உடுத்துறப்ப தெரிஞ்சா, பொண்ணு வந்த ராசின்னு சொல்லிக்கட்டும், நம்ம தலை தப்பிச்சா போதும்னு நெனச்சேன்.

தட்டத்தோட பொண்ணு அறையைத் தாண்டுறப்ப, கல்யாணப் பொண்ணே என்னைப் பார்த்துட்டா.

"ஏனுங்க நங்கையா, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

புருஷனோட அக்காவை எங்க பக்கம் நங்கையான்னுதான் கூப்பிடுவாங்க. அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துடுச்சு. சீட்டை இழுத்ததைச் சொல்லி ஓட்டையைக் காட்டினேன். இத்தனைக்கும், பனியன் கம்பெனிக்குப் போற புள்ளை எதுக்குன்னு பொண்ணு பார்த்தப்ப மூஞ்சியச் சுளிச்சவளே நான்தான்.

"அழுவாதீங்க. ஊசிதானுங்களே படக்கூடாது? இஸ்திரிப் பெட்டி படலாமுங்கல்ல?"

கூட இருந்தவங்களை வெளிய அனுப்பி, தாழ்ப்பாள் போட்டா. ரவிக்கை மடிப்பு பிரிஞ்சா ஒட்டிக்கலாம்னு, சூடு பட்டா ஒட்டிக்கிற மெல்லிசான பசைத்துணி ஒண்ணைப் பையில வெச்சிருந்தா. பிரிஞ்ச நூலை நகத்தால நெருக்கிவிட்டு, புடவையைக் குப்புறப் போட்டா. ஓட்டை மேல பசைத்துணி, அதுக்கு மேல அந்தப் புடவையோட ரவிக்கைத் துண்டு ஓரத்துல வெட்டின ஒரு பொட்டுத் துணி, எல்லாத்துக்கும் மேல கர்ச்சீப். அறையில இருந்த இஸ்திரிப் பெட்டியில சூட்டைக் குறைச்சு வெச்சு அழுத்தினா. பட்டு பொசுங்கிடுமோன்னு எனக்கு உசுரே இல்லை.

அதுக்குள்ள அம்மா கதவைத் தட்டுறாங்க. "புடவை எங்கடி? ஐயர் கேக்கறாரு!"

"வாரேம்மா"ங்கறேன். புடவையை எடுக்கப் போன என் கையைப் பொண்ணு பிடிச்சுக்கிட்டா. "ஆறட்டுமுங்க, இப்பத் தொட்டா உரிஞ்சுரும்."

திருப்பிப் பார்த்தா, எங்கே ஓட்டைன்னு நானே தேடினேன்.

தாலி ஏறுற வரைக்கும் அந்த இடத்தையே பார்த்துட்டு நின்னேன். யார் கண்ணுலயும் படலை. அவளும் இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை. ஓட்டை விழுந்தது அவளுக்குத் தெரியும். பழி அவ தலையில விழட்டும்னு நான் புடவையை மடிச்சு வெச்சது தெரியாது. மன்னிப்புக் கேக்கணும்னு எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்திருக்கு. அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது ஞாபகம் வந்ததும், சொல்ற தைரியம் இன்னும் வரமாட்டேங்குது.